8.30 முதல் 9.20 வரை வந்தவர்கள்: ஒரு டிஎச்சிபி சர்வர் நிறுவலின் நிகழ்வு ஆய்வு

கணினிகளுக்கு ஐபி முகவரியை (வலையமைப்பில் அவற்றின் அடையாள எண்ணை) தானாக வழங்குவது டிஎச்சிபி சர்வர். பராமரிப்புப் பணிக்காக ஒரு பிற்பகலில் அதை 1 மணி 50 நிமிடம் நிறுத்தி வைத்திருந்தோம். அந்த இடைவெளியில், அன்று காலை இயக்கப்பட்ட 214 அலுவலகக் கணினிகளில் 131 கணினிகள் தங்கள் ஐபி முகவரியை இழந்தன. மற்ற 83 கணினிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இழந்தவற்றையும் இழக்காதவற்றையும் பிரித்த கோடு மாடியோ துறையோ ஸ்விட்சோ இயங்குதளமோ அல்ல. அவை காலையில் எத்தனை மணிக்கு இயக்கப்பட்டன என்பதுதான். 8.30-க்கு முன் வந்தவர்களும் தப்பினார்கள், 9.20-க்குப் பின் வந்தவர்களும் தப்பினார்கள். ஒழுங்காக நேரத்துக்கு வந்தவர்களுக்கே இணைப்பு போயிற்று. இந்த விசித்திரமான வடிவத்துக்குக் காரணம், சர்வரை நிறுவிய நாளிலேயே நான் ஃபயர்வாலில் (வலையமைப்பில் எது போகலாம், எது கூடாது என்று வடிகட்டும் தடுப்பில்) எழுதி வைத்த ஒரு விதி. அது எப்படி எழுதப்பட்டது, எல்லாச் சோதனைகளையும் அது ஏன் தாண்டியது, எப்படிப் பிடிபட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பழைய அமைப்பும் மாற்றத்தின் தேவையும்

முன்பு அலுவலகம் முழுவதும் 192.168.1.0/24 என்ற ஒற்றை வலைப்பிரிவில் இருந்தது. முகவரிகளை இணைய ரவுட்டரே வழங்கி வந்தது. லீஸ் காலம், அதாவது ஒரு முகவரி ஒரு கருவிக்கு வாடகை போல ஒதுக்கப்படும் காலம், 7 நாள். 254 முகவரிகள் கொண்ட வலைப்பிரிவில் கணினிகளும் மேசைத் தொலைபேசிகளும் பிரிண்டர்களும் விருந்தினர் கைபேசிகளும் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. போதாக்குறைக்கு, அண்மைக் காலக் கைபேசிகள் ஒவ்வொரு வைஃபை வலையமைப்புக்கும் ஒரு தற்போக்கு மேக் முகவரியை (கருவியின் வலையமைப்பு அடையாளத்தை) பயன்படுத்துகின்றன. ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் ஐஓஎஸ் 14-லிருந்தும் இதுவே இயல்பான நடத்தை. அரை மணி நேரம் வந்து போன விருந்தினரின் கைபேசிக்காக ஒரு முகவரி 7 நாள் பூட்டப்பட்டுக் கிடந்தால், வார நடுவிலேயே குளம், அதாவது வழங்குவதற்கு உள்ள முகவரிகளின் தொகுப்பு, வற்றிவிடும். அப்படித்தான் வற்றியது.

புதிய வடிவமைப்பில் வலையமைப்பை ஐந்து வி-லேன்களாக (தனித்தனி மெய்நிகர் வலைப்பிரிவுகளாக) பிரித்தோம். சர்வர்களுக்கு 10.20.5.0/24, பணியாளர் கணினிகளுக்கு 10.20.10.0/23, தொலைபேசிகளுக்கு 10.20.20.0/24, விருந்தினருக்கு 10.20.30.0/24, பிரிண்டர் போன்ற கருவிகளுக்கு 10.20.40.0/24. இவை அனைத்துக்கும் முகவரி வழங்கும் ஒரே டிஎச்சிபி சர்வர் 10.20.5.10 என்ற முகவரியில் அமர்ந்தது. வி-லேன்களுக்கு இடையிலான வழிப்படுத்தலை மைய ஸ்விட்ச் கவனித்துக்கொண்டது. மைய ஸ்விட்சுக்கும் சர்வர் வி-லேனுக்கும் நடுவே ஃபயர்வால் நின்றது. இந்த ஃபயர்வாலின் இருப்பிடத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மென்பொருளாக ஐஎஸ்சி நிறுவனத்தின் கீயாவைத் தேர்ந்தெடுத்தோம். நீண்ட காலம் பரவலாகப் பயன்பட்ட ஐஎஸ்சி டிஎச்சிபி சர்வரின் பராமரிப்பை அந்நிறுவனம் 2022 இறுதியில் முடித்துக்கொண்டுவிட்டது. புதிதாக நிறுவுகிறவர்களுக்கு அது சரியான தேர்வு அல்ல. கீயாவின் அமைவுக் கோப்பு ஜேசன் வடிவில் இருக்கும். ஒரு காற்புள்ளி தவறினாலும் சர்வர் எழுந்திருக்காது. ஆகவே ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் கோப்பைச் சோதித்து மட்டும் பார்க்கும் முறையில் ஒரு முறை ஓட்டிய பிறகே உண்மையான சேவையை மறுதொடக்கம் செய்வது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம்.

அமைவு

பணியாளர் வி-லேனுக்கான குளத்தை இரண்டாக எழுதினோம்: 10.20.10.50 முதல் 10.20.10.254 வரை ஒன்று, 10.20.11.1 முதல் 10.20.11.240 வரை மற்றொன்று. மொத்தம் 445 முகவரிகள். இரண்டு /24 அளவுள்ள /23 வலைப்பிரிவில் நடுவில் வரும் 10.20.10.255, 10.20.11.0 ஆகிய இரண்டும் விதிப்படி செல்லுபடியாகும் முகவரிகளே. ஆனால் 255-இலும் 0-இலும் முடியும் எதையும் ஏற்க மறுக்கும் பழைய கருவிகள் இன்னும் உலவுகின்றன. இரண்டு முகவரிகளுக்காக அந்தத் தலைவலி வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

லீஸ் காலம்தான் அதிகம் விவாதிக்கப்பட்டது. விருந்தினருக்கு 1 மணி நேரம், தொலைபேசிகளுக்கும் கருவிகளுக்கும் 24 மணி நேரம், பணியாளர் கணினிகளுக்கு 8 மணி நேரம் என்று முடிவு செய்தோம். காலையில் இயக்கி மாலையில் அணைக்கப்படும் கணினிக்கு ஒரு வேலை நாள் அளவு லீஸ் போதும் என்பது எங்கள் கணக்கு. லீஸின் பாதியில் கிளையண்ட் (முகவரி கேட்டு வாங்கும் கருவி) புதுப்பிக்க முயலும். இதை டி1 என்பார்கள். அது கைகூடாவிட்டால் எட்டில் ஏழு பங்கு நேரம் கழிந்ததும், அதாவது 87.5 விழுக்காட்டில், எந்த சர்வராவது பதில் சொல்லட்டும் என்று மறுபிணைப்பு கேட்கும், இது டி2. சர்வர் இந்த இரண்டு நேரங்களையும் விருப்ப எண் (டிஎச்சிபி செய்தியில் சேர்க்கும் கூடுதல் புலம்) 58, 59 வழியே தானே நிர்ணயித்து அனுப்பலாம். நாங்கள் அனுப்பவில்லை, அனுப்பாவிட்டால் கிளையண்ட் இதே விகிதத்தில் தானே கணக்கிட்டுக்கொள்ளும். 8 மணி நேர லீஸுக்கு டி1 நான்காம் மணியிலும் டி2 ஏழாம் மணியிலும் வரும்.

பழைய ரவுட்டரில் 7 நாளாக இருந்த லீஸை, மாற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே 1 மணி நேரமாகக் குறைத்தோம். ஏற்கெனவே 7 நாள் லீஸ் வாங்கிய கணினி மூன்றரை நாள் கழித்தே புதுப்பிக்க வரும். அப்போதுதான் புதிய கால அளவு அதன் கைக்குச் சேரும். முந்தைய நாள் இரவில் குறைத்தால் பயனில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அப்படியும், மாற்றம் நடந்த காலையில் சில மடிக்கணினிகள் தூக்கத்திலிருந்து விழித்து, தங்கள் பழைய 192.168.1 முகவரியையே மீண்டும் கேட்டன. கீயா, தனக்குத் தெரியாத லீஸைக் கேட்கும் கிளையண்டுக்கு இயல்பாகப் பதிலே சொல்லாது. அதிகாரபூர்வ சர்வர் என்ற அமைவை இயக்கினால்தான் "அந்த முகவரி செல்லாது" என்று பொருள்படும் நாக் செய்தியை அனுப்பும். அதை இயக்கிய பின் அவையும் உடனே சரியாயின.

முதல் இடறலும் அதிலிருந்து பிறந்த விதியும்

டிஎச்சிபி கிளையண்ட் தனக்கு முகவரியே இல்லாத நிலையில் பேசத் தொடங்குகிறது. ஆகவே அதன் முதல் செய்தி பிராட்காஸ்ட், அதாவது அந்த வலைப்பிரிவில் உள்ள எல்லோருக்கும் பொதுவாக அனுப்புவது. பிராட்காஸ்ட் ரவுட்டரைத் தாண்டாது. வேறு வி-லேனில் இருக்கும் சர்வருக்கு அதைக் கொண்டுசேர்க்கும் வேலையை ரிலே செய்கிறது. மைய ஸ்விட்சில் ஒவ்வொரு வி-லேனுக்கும் ரிலேயை இயக்கி, சர்வரின் முகவரியைக் கொடுத்தோம். ரிலே, கிளையண்டின் செய்தியில் அந்த வி-லேனில் தனக்குள்ள கேட்வே (வெளிவாசல்) முகவரியை எழுதி, சர்வரின் யூடிபி 67-ஆம் போர்ட்டுக்கு (டிஎச்சிபி சர்வர் செய்திகளைப் பெறும் வாசல் எண்) அனுப்பும். அந்த முகவரியைப் பார்த்துத்தான் எந்த வலைப்பிரிவிலிருந்து முகவரி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சர்வர் முடிவு செய்கிறது.

முதல் நாள் சோதனையில் ஒரு கணினிக்கும் முகவரி கிடைக்கவில்லை. சர்வரில் டிசிபிடம்ப் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவி) ஓட்டிப் பார்த்தால் டிஸ்கவர் (முகவரி தேடும் கிளையண்டின் முதல் செய்தி) வந்தது, ஆஃபர் (முகவரி தர முன்வரும் சர்வரின் பதில்) போனது, அத்துடன் எல்லாம் நின்றது. பாதி நாள் தேடிய பின்தான் விளங்கியது. ரிலே அனுப்பும் பாக்கெட்டின் மூல முகவரி, ஃபயர்வாலை நோக்கி வெளியேறும் இடைமுகத்தின் முகவரியான 10.20.0.2. ஆனால் செய்திக்குள் எழுதப்பட்டிருக்கும் ரிலே முகவரி 10.20.10.1. சர்வர் பதிலை 10.20.10.1-க்கு அனுப்புகிறது, 10.20.0.2-லிருந்து வந்த உரையாடலை மட்டுமே நினைவில் வைத்திருக்கும் ஃபயர்வால், இது தொடர்பில்லாத புதிய பாக்கெட் என்று தூக்கி எறிகிறது.

காரணம் தெரிந்த மகிழ்ச்சியில் விதியைக் கறாராக எழுதினேன்: 10.20.0.2-லிருந்து சர்வரின் 67-ஆம் போர்ட்டுக்கு அனுமதி. சர்வரிலிருந்து நான்கு கேட்வே முகவரிகளின் 67-ஆம் போர்ட்டுக்கு அனுமதி. மற்றவை அனைத்துக்கும் மறுப்பு. சர்வர் வி-லேனை நோக்கி வரும் வேண்டாத சலசலப்பு லாக்கை நிரப்பியதால், மறுக்கப்பட்டவற்றைப் பதிவு செய்வதையும் அணைத்து வைத்தேன். எல்லா வி-லேன்களிலும் முகவரி கிடைத்தது.

அந்த விதியை எழுதும்போது என் மனத்தில் இருந்த சித்திரம் எளிமையானது: கிளையண்ட் ரிலேயிடம் பேசும், ரிலே சர்வரிடம் பேசும், கிளையண்ட் நேரே சர்வரிடம் பேசாது. இது 1985-இல் ஆர்எஃப்சி 951-ஆக (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறை ஆவண வரிசை) வந்த, டிஎச்சிபிக்கு முன்னோடியான பூட்பி நெறிமுறைக்குச் சரியாகப் பொருந்தும். ரிலே என்ற ஏற்பாடே டிஎச்சிபிக்குப் பூட்பியிலிருந்து வந்த சொத்துதான். ஆனால் பூட்பியில் லீஸ் கிடையாது. வாங்கிய முகவரியைக் காலக்கெடுவுக்குள் புதுப்பிக்க வேண்டிய அவசியமும் கிடையாது. முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கும் ஏற்பாடு 1993-இல் டிஎச்சிபி உருவானபோது சேர்ந்தது. 1997 மார்ச்சில் ரால்ஃப் டிராம்ஸ் எழுதிய ஆர்எஃப்சி 2131-தான் இன்றும் அடிப்படை ஆவணம். அதன்படி, டி1 நேரத்தில் கிளையண்டுக்கு ஏற்கெனவே முகவரி இருக்கிறது, சர்வரின் முகவரியும் தெரியும். ஆகவே அது ரிலேயின் தயவை நாடாமல் சர்வருக்கே நேரடியாக யூனிகாஸ்ட் (ஒரே முகவரிக்கு மட்டுமான செய்தி) அனுப்புகிறது. டி2 நேரத்தில்தான் மீண்டும் பிராட்காஸ்டுக்குத் திரும்புகிறது. 1997-இன் நெறிமுறைக்கு நான் 1985-இன் ஃபயர்வால் விதியை எழுதியிருந்தேன்.

சோதனைகள் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை

புதுப்பித்தலை நாங்கள் சோதிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு விதமாகச் சோதித்தோம். 4 நிமிட லீஸ் கொடுத்து ஒரு மடிக்கணினியை அரை மணி நேரம் ஓட விட்டோம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஒழுங்காகப் புதுப்பித்தது. ஆனால் அந்த மடிக்கணினி எங்கள் தொழில்நுட்ப அறையில், சர்வர் இருக்கும் அதே வி-லேனில் இணைந்திருந்தது. அதன் யூனிகாஸ்ட் ஃபயர்வாலைத் தொடவே இல்லை.

இரண்டாவதாக, பணியாளர் வி-லேனில் ஒரு விண்டோஸ் கணினியில் முகவரியை விடுவிக்கும் கட்டளையும், அடுத்துப் புதிதாகக் கேட்கும் கட்டளையும் கொடுத்துப் பார்த்தோம். உடனே முகவரி வந்தது; "புதுப்பித்தல் சரி" என்று சோதனைத் தாளில் குறியிட்டோம். விடுவித்துவிட்டுக் கேட்பது புதுப்பித்தல் அல்ல. கையில் முகவரி இல்லாத கிளையண்ட் மறுபடி முதலிலிருந்து டிஸ்கவர் அனுப்பி, ரிலே வழியாகவே வாங்குகிறது. இதில் என்னை இன்னும் உறுத்துவது ஒன்று உண்டு. விடுவிப்புச் செய்தியும் கிளையண்ட் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் யூனிகாஸ்ட்தான். ஆகவே அந்தச் செய்தி சர்வருக்கு வந்திருக்கவே முடியாது. சர்வர் லாக்கில் விடுவிப்பு பதிவாகியிருக்கிறதா என்று அன்று யாராவது பார்த்திருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கும். மறுமுனையில் முகவரி கிடைத்துவிட்டதால் யாரும் பார்க்கவில்லை.

மூன்று வாரம் எந்தப் புகாரும் இல்லை. நான்காம் மணியில் தோற்ற புதுப்பித்தலை ஏழாம் மணியில் பிராட்காஸ்ட் வந்து காப்பாற்றிக்கொண்டே இருந்தது. பழுதை மூடி மறைக்கும் அளவுக்கு நன்றாக வடிவமைக்கப்பட்ட நெறிமுறை இது.

அந்தப் பிற்பகல்

சர்வர் மெய்நிகர் இயந்திரமாக ஓடிக்கொண்டிருந்த வன்பொருளில் ஒரு மெமரி தகடு பிழைகளைக் காட்டத் தொடங்கியது. தகட்டை மாற்றுபவர் பிற்பகல் 3.30-க்குத்தான் வர முடியும். வேலை நேரத்தில் டிஎச்சிபி சர்வரை நிறுத்தலாமா என்ற கேள்வி எழுந்தபோது, நான் கணக்குப் போட்டுச் சொன்னேன்: "எந்தக் கணினியும் பாதி லீஸில் புதுப்பித்துக்கொள்ளும். ஆகவே எந்த நேரத்தில் சர்வரை நிறுத்தினாலும், எந்தக் கணினியின் கையிலும் குறைந்தது 4 மணி நேரம் மீதமிருக்கும். 40 நிமிட வேலைதான்." விருந்தினர் வி-லேனின் 1 மணி நேர லீஸ் மட்டும் தாங்காது என்று அறிந்து, வரவேற்பு மேசைக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்தோம்.

கணக்கு சரி, அது நின்ற தரைதான் இல்லை. புதிய தகடு முதலில் பொருந்தவில்லை, மாற்றுத் தகடு வரத் தாமதமாயிற்று. சர்வர் மீண்டும் எழுந்தபோது மணி 5.20. முதல் அழைப்பு 4.34-க்கு வந்தது. விருந்தினர் வைஃபையாக இருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டோம். 4.45-க்குள் ஒன்பது அழைப்புகள். நேரில் போய்ப் பார்த்தபோது, பணியாளர் கணினியின் திரையில் 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தது. லீஸ் முடிந்து, யாரும் பதில் சொல்லாதபோது கணினி தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும் முகவரி அது. கேட்வே இல்லை, டிஎன்எஸ் இல்லை. அடுத்த மேசையில் இருந்த கணினியோ ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே ஸ்விட்சின் அடுத்தடுத்த போர்ட்டுகள். மேசைத் தொலைபேசிகளில் ஒன்றுகூடத் துண்டிக்கப்படவில்லை. புகார் செய்தவர்கள் அனைவரும் அவற்றிலிருந்துதான் அழைத்தார்கள்.

5.20-க்கு சர்வர் வந்ததும் சில நிமிடங்களில் எல்லாக் கணினிகளும் தாமாகவே மீண்டன. முகவரி கிடைக்காத விண்டோஸ் கணினி 5 நிமிடத்துக்கு ஒரு முறை மீண்டும் முயன்று பார்க்கும்.

தேடல்

அடுத்த நாள் காலையில் உட்கார்ந்து, 214 கணினிகளும் முந்தைய நாள் முதன்முதலில் முகவரி வாங்கிய நேரத்தை சர்வர் லாக்கிலிருந்து எடுத்து வரிசைப்படுத்தினோம். எதிரே, அன்று மாலை முகவரி இழந்தவற்றைக் குறித்தோம். முதல் 38 வரிகளில் ஒரு குறியும் இல்லை. பிறகு 131 வரிகளில் விடாமல் குறி. கடைசி 45 வரிகளில் மறுபடி ஒன்றும் இல்லை. எல்லைகள் 8.30-ஐயும் 9.20-ஐயும் ஒட்டி விழுந்தன.

8.30-இலிருந்து ஏழு மணி நேரம் எண்ணினால் 3.30, நாங்கள் சர்வரை நிறுத்திய நேரம். 9.20-இலிருந்து எட்டு மணி நேரம் எண்ணினால் 5.20, சர்வர் திரும்பிய நேரம். அதாவது 8.30-க்கு முன் வந்த கணினிகளின் டி2, சர்வர் இன்னும் உயிரோடு இருந்தபோதே வந்துவிட்டது. அவை பிராட்காஸ்ட் மூலம் அடுத்த 8 மணி நேரத்தை வாங்கிக்கொண்டன. 9.20-க்குப் பின் வந்தவற்றின் லீஸ், சர்வர் திரும்பும்வரை தாங்கியது. நடுவில் வந்தவற்றுக்கு டி2-வும் லீஸ் முடிவும் இரண்டுமே சர்வர் இல்லாத வேளையில் விழுந்தன. டி1 என்ற ஒன்று நடந்திருந்தால் இந்தக் கணக்கே வந்திருக்காது: 9 மணிக்கு வந்த கணினி பிற்பகல் 1 மணிக்குப் புதுப்பித்து, இரவு 9 மணிவரை கவலையின்றி இருந்திருக்கும். தொலைபேசிகள் தப்பியதும் இதே கணக்கில் அடங்கியது. 24 மணி நேர லீஸில் டி2-வுக்கும் முடிவுக்கும் இடையே 3 மணி நேரம் இருக்கிறது. 1 மணி 50 நிமிடம் அதைத் தின்றுவிட முடியாது.

வடிவம் தெரிந்துவிட்டது, ஆதாரம் வேண்டும். கீயாவின் லீஸ் கோப்பில் ஒவ்வொரு வரியிலும் லீஸின் நீளமும் முடிவு நேரமும் வினாடிக் கணக்கில் இருக்கும். முடிவிலிருந்து நீளத்தைக் கழித்தால் வழங்கிய நேரம் வந்துவிடும். ஆனால் கீயா இயல்பாக மணிக்கு ஒரு முறை அந்தக் கோப்பைத் துப்புரவு செய்து, ஒவ்வொரு முகவரிக்கும் கடைசி வரியை மட்டும் விட்டுவைக்கும். ஆகவே பழைய வரலாற்றுக்கு லாக்கைத்தான் நம்ப வேண்டியிருந்தது. ஒரு கணினியின் அடுத்தடுத்த இரண்டு பதிவுகளுக்கு இடையே 14,400 வினாடி இருக்க வேண்டும், இருந்ததோ 25,200. நான்கு மணி நேரம் அல்ல, ஏழு மணி நேரம். மூன்று வாரமாக, பணியாளர் வி-லேனில், எல்லாக் கணினிகளுக்கும் அப்படியே.

அன்று பிற்பகல் இரண்டு இடங்களில் பாக்கெட்டுகளைப் பிடித்தோம்: ஒன்று சோதனைக் கணினியில், மற்றொன்று சர்வரில். கணினி 9 மணிக்கு முகவரி வாங்கியிருந்தது. அதன் பக்கத்தில், பிற்பகல் 1 மணிக்கு சர்வரை நோக்கி ஒரு யூனிகாஸ்ட் ரிக்வெஸ்ட் (லீஸைப் புதுப்பிக்கக் கேட்கும் செய்தி) புறப்பட்டது. பதில் இல்லை. அடுத்தது 2.30-க்கு. பிறகு 3.15-க்கு. பிறகு 3.37-க்கு. டி2 வரை மீதமிருக்கும் நேரத்தில் பாதியைக் காத்திருந்து மீண்டும் கேட்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 2131 சொல்வதைக் கணினி அச்சுப் பிசகாமல் செய்துகொண்டிருந்தது. கதவைத் தட்டுபவர் நேரமாக ஆகப் பதறித் தட்டுவதைப் போல இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. சர்வர் பக்கத்தில் இவற்றில் ஒன்றுகூடத் தென்படவில்லை. 4 மணிக்கு, முதன்முறையாக, சர்வரில் ஒரு ரிக்வெஸ்ட் தோன்றியது. அதுவும் ரிலே வழியாக.

இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு எளிய அடையாளம் உண்டு. டிஎச்சிபி பராமரிக்கும் எவரும் கைவசம் வைத்திருக்கலாம். சர்வரில் பிடித்த ரிக்வெஸ்டில் கிளையண்ட் தன் நடப்பு முகவரியை எழுதியிருந்து, ரிலே முகவரிப் புலம் 0.0.0.0 ஆக இருந்தால், அது டி1-இன் நேரடிப் புதுப்பித்தல். கிளையண்ட் முகவரியும் ரிலே முகவரியும் இரண்டுமே நிரம்பியிருந்தால், அது டி2-வின் மறுபிணைப்பு. வேறு வி-லேன்களுக்குச் சேவை செய்யும் சர்வரில் முதல் வகையே வருவதில்லை, இரண்டாம் வகை மட்டுமே வருகிறது என்றால், வழியில் யாரோ யூனிகாஸ்டை விழுங்குகிறார்கள். எங்கள் நிலையில் விழுங்கியவர் யார் என்று தெரிய, ஃபயர்வாலின் மறுப்புப் பதிவை ஐந்து நிமிடம் இயக்கியதே போதுமானதாக இருந்தது.

திருத்தம்

பணியாளர், தொலைபேசி, விருந்தினர், கருவி ஆகிய நான்கு வி-லேன்களிலிருந்தும், 68-ஆம் போர்ட்டிலிருந்து சர்வரின் 67-ஆம் போர்ட்டுக்கு யூடிபியை அனுமதிக்கும் விதி ஒன்றைச் சேர்த்தோம். இந்த உரையாடலில் இருபுறமும் முகவரிகள் மாறுவதில்லை; சர்வர் தன் பதிலைக் கிளையண்டின் முகவரிக்கே நேரடியாக அனுப்பும். ஆகவே பதிலுக்குத் தனி விதி தேவைப்படவில்லை. ரிலேக்கான பழைய விதிகள் அப்படியே இருக்கின்றன.

விருந்தினர் வி-லேனிலிருந்து சர்வர் வி-லேனுக்குள் எந்த நேரடிப் பாக்கெட்டும் நுழையக் கூடாது என்ற வாதமும் எழுந்தது, நியாயமான வாதம். அதற்கும் வழி இருக்கிறது: 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5107-இன்படி, ரிலே விருப்ப எண் 82-இன் உள்விருப்பம் ஒன்றின் மூலம் தன்னையே சர்வராகக் காட்டச் சொல்லலாம், அப்போது கிளையண்டின் யூனிகாஸ்டும் ரிலேக்கே வரும். ரிலேயும் சர்வரும் இரண்டுமே அதை ஆதரித்தாக வேண்டும். ஒரே ஒரு யூடிபி போர்ட்டுக்காக, பழுது பார்க்கும்போது எவரையும் குழப்பக்கூடிய இன்னொரு அடுக்கைச் சேர்ப்பது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை. எளிய விதியோடு நின்றோம். பாதுகாப்புத் தேவை கடுமையாக உள்ள இடத்தில் முடிவு வேறாக இருக்கலாம்.

மறுநாள் பிற்பகல் 1.04-க்கு, ரிலே முகவரி 0.0.0.0 என்றிருந்த முதல் ரிக்வெஸ்ட் சர்வரில் வந்து இறங்கியது. பதிலும் அதே நொடியில் போயிற்று.

இரண்டாம் சர்வரையும் நிறுவினோம். கீயாவின் இணைப்பு நூலகம் வழியே, ஒன்று இயங்க மற்றொன்று காத்திருக்கும் முறை. இதில் ஒரு பொறி இருக்கிறது. முதன்மை சர்வருடன் தொடர்பு அறுந்தவுடனே காத்திருப்பது பொறுப்பேற்றுவிடாது. இயல்பு அமைவில், பதில் கிடைக்காமல் தவிக்கும் கிளையண்டுகளின் எண்ணிக்கை 10-ஐத் தாண்ட வேண்டும். பெரிய வலையமைப்பில் இது புத்திசாலித்தனமான எச்சரிக்கை. ஆளரவமற்ற இரவில் ஏழு கருவிகள் மட்டும் முகவரி கேட்கும் அலுவலகத்திலோ, காத்திருப்பது காத்திருந்துகொண்டே இருக்கும். அந்த எண்ணை 0 ஆக்கினோம். இரண்டாம் சர்வரின் முகவரியை ரிலேக்களிலும் ஃபயர்வால் விதிகளிலும் சேர்க்க மறக்கவில்லை.

மறுசோதனை

இரண்டாம் சர்வரை இயக்குவதற்கு முன்பே, திருத்தத்தைச் சோதிக்க, வேண்டுமென்றே அதே நேரத்தில், 3.30 முதல் 5.30 வரை, சர்வரை நிறுத்தினோம். விருந்தினர் வைஃபை எதிர்பார்த்தபடி போயிற்று. பணியாளர் கணினிகளில் ஒன்றுகூட முகவரியை இழக்கவில்லை. கருவி வி-லேனில் மட்டும் ஒன்று இழந்தது: வாசலில் இருக்கும் வருகைப் பதிவுக் கருவி.

அதைத் தனியே பிடித்துப் பார்த்ததில், அதன் மென்பொருள் டி1-ஐயும் மதிப்பதில்லை, டி2-வையும் மதிப்பதில்லை என்று தெரிந்தது. 24 மணி நேரம் முழுவதும் கழிந்து லீஸ் செத்த பிறகு, புதிதாக டிஸ்கவர் அனுப்புகிறது. தினமும் அதே நேரத்தில். லாக்கைப் பின்னோக்கிப் புரட்டியபோது, 131 கணினிகள் விழுந்த அந்த நாளிலும் அது 4.12-க்கு முகவரியை இழந்திருந்தது தெரிந்தது; முதல் தொலைபேசி அழைப்புக்கு 22 நிமிடம் முன்பே. பதிவுகளைத் தன்னுள் சேமித்து வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பும் கருவியாதலால் எவருக்கும் தெரியவில்லை. லீஸை நீட்டுவது இதற்குத் தீர்வல்ல. எத்தனை நாள் கொடுத்தாலும் கடைசி நொடி வரைதான் அது காத்திருக்கும். குளத்துக்கு வெளியே உள்ள 10.20.40.12-ஐ அதில் கையால் இட்டு, டிஎச்சிபியை அணைத்தோம்.